தோற்ற வாரத்து மீன்

"சாமி, இந்த ஊருக்கு நான் என்ன குறை வச்சேன்? அதை மட்டும் சொல்லுங்க."

கேட்டுக்கொண்டே வந்தார் கஸ்பார். கையில் ஒரு பை. பைக்குள் சாளை மீன்.

விசில் சாமி நிமிரவில்லை. மைதானத்து மூலைக் கொடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, புல்லுக்கு நடுவே முளைத்த நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து எத்தனை?"

"ரெண்டுக்கு ஒண்ணு. தோத்துட்டோம்."

"அப்ப சாளைதான்."

"அதைத்தான் சாமி கேக்க வந்தேன்."

கஸ்பாரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடித்துறைப் பட்டணத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர். வயது அறுபத்தொன்று. ஊரின் கால்பந்து அணிக்கும் அவர்தான் சொந்தக்காரர். பூட்ஸிலிருந்து பஸ் வரைக்கும், பயிற்சியாளரிலிருந்து பையன்கள் சாப்பாடு வரைக்கும் இருபத்திரண்டு வருஷமாக அவர் பொறுப்பு.

அந்த ஊர் மீன் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அணி ஜெயித்தால், திங்கட்கிழமை கஸ்பாருக்குச் சீலா மீன். சமமாக முடிந்தால் பாறை மீன். தோற்றால் இருப்பதிலேயே மலிவான சாளை.

எவ்வளவு பணம் கொடுக்கிறேன் என்றாலும் அதுதான். கண்ணெதிரே ஆள் நீளத்துக்குச் சீலா கிடக்கும். "அது உங்களுக்கு இல்ல முதலாளி" என்பார்கள். கூடவே ஒரு பாட்டம் வசவும் கிடைக்கும், யாரை ஏன் மாற்றினாய், யாரை ஏன் மாற்றவில்லை என்று.

ஒருமுறை தான் போகாமல் டிரைவரை அனுப்பிப் பார்த்தார். டிரைவர் சாளையோடு வந்தான். முதலாளிக்குச் சேர வேண்டிய வசவையும் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுவந்து சேர்த்தான்.

இன்னொரு முறை காரை எடுத்துக்கொண்டு பக்கத்துத் துறைக்கே போய்விட்டார். அவருக்கு முன்னால் போன் போய்விட்டது. அங்கேயும் சாளை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் கஸ்பார். "வேற எவனாவது இந்த மணல் மைதானத்துல டீம் நடத்துவானா? நன்றி கெட்ட ஊரு சாமி."

விசில் சாமி சட்டைப் பையில் கைவிட்டார். மஞ்சள் அட்டையை எடுத்தார். கஸ்பாரின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரும்பப் பையில் வைத்துக்கொண்டு நெருஞ்சி பிடுங்கப் போய்விட்டார்.

கஸ்பார் வாயை மூடிக்கொண்டார்.

சாமியின் உண்மைப் பெயர் பலவேசம். கஸ்பாரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் பெரிய நடுவர். ஓர் இறுதிப் போட்டியில் கொடித்துறைக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்தார். தப்பான பெனால்டி. ஊர் தோற்றது. மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தவர் அப்படியே மைதானத்து ஓரமாய் ஒரு குடிசை போட்டுத் தங்கிவிட்டார்.

இன்றைக்கும் அவருக்கு ஊரார்தான் சோறு கொண்டுவருகிறார்கள். அந்தப் பெனால்டியைச் சொல்லி ஒரு மூச்சு திட்டிவிட்டுத்தான் தட்டை வைப்பார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார். ஆள் நன்றாகத்தான் சதை போட்டிருக்கிறார்.

"சாமி, இன்னொரு விஷயம்," என்று குரலைத் தாழ்த்தினார் கஸ்பார். "ஊருக்கு இன்னும் தெரியாது."

"ம்."

"மாநகரத்துல ஒரு கம்பெனி கூப்பிடுது. புது ஸ்டேடியம் கட்டியிருக்காங்க. நாப்பதாயிரம் சீட்டு. சுத்தி விளக்குக் கோபுரம். டீமை மொத்தமா அங்க கொண்டு போயிடணும். பேரையும் மாத்திடணும். அடுத்த திங்கக்கிழமை கையெழுத்து."

நெருஞ்சி பிடுங்கிய கை நின்றது.

"போகவா, இருக்கவா? ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. ராத்திரி தூக்கமே இல்ல."

சாமி கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்தார். மூச்சை இழுத்தார். கஸ்பாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சாமி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"தீர்ப்பு சொல்லுறத விட்டாச்சு முதலாளி. ஒருதடவை சொல்லிப் பட்டது போதும்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"அந்த ஊருல மீன் எப்படி?"

"என்னது?"

"மீன். நல்லாக் கிடைக்குமா?"

எரிச்சல் வந்தது கஸ்பாருக்கு. ஆனாலும் மஞ்சள் அட்டை ஞாபகத்தில் இருந்தது. "தெரியாது சாமி. வெள்ளிக்கிழமை அங்க ஒரு காட்சி ஆட்டம் வச்சிருக்காங்க. நம்ம டீமை ஊருக்குக் காட்டணுமாம்."

"ஆடிட்டு வாங்க. மறுநாள் காலையில நீங்களே சந்தைக்குப் போயி மீன் வாங்குங்க. எனக்குக் கொண்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். டிரைவரை அனுப்பக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் கொடித்துறை தோற்றது. சும்மா தோற்கவில்லை. நாலுக்குப் பூஜ்யம்.

மூன்றாவது கோல் விழுந்தபோது கஸ்பார் வழக்கம்போல நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டார். கொடித்துறை மைதானத்தில் அது பாட்டில் மூடி பறக்கிற நேரம்.

ஒன்றும் பறக்கவில்லை. சுற்றிலும் கைதட்டினார்கள். கோல் போட்டவனுக்கும் தட்டினார்கள், விட்டவனுக்கும் தட்டினார்கள். கம்பெனி கொடுத்த கொடியை ஆட்டினார்கள். மக்காச்சோளப் பொரி தின்றார்கள். ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே வண்டி நெரிசலுக்குப் பயந்து பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள்.

கம்பெனி அதிகாரி ராகவேந்திரன் வந்து கைகுலுக்கினார். "அருமையான ஆட்டம் சார்."

"நாலு கோல் வாங்கியிருக்கோமே."

"அதனால என்ன சார்? ஜனங்க சந்தோஷமாப் போறாங்க பாருங்க."

என்ன நாகரிகமான ஊர் என்று நினைத்தார் கஸ்பார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை பையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தார். அணியின் நீலத் துண்டு தோளில் கிடந்தது. பழக்க தோஷம், வழியெல்லாம் பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். கோல்கீப்பருக்கு முட்டியில் வலி. இடது பக்கத்துப் பையனுக்கு வயிறு சரியில்லை. பந்து புதுசு, காலில் நிற்கவில்லை.

மீன் கடையில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நின்றார்.

"வாங்க சார். என்ன வேணும்?"

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். "சாளையே குடுங்க."

"சாளை வைக்கிறதில்ல சார். இங்க யாரும் கேக்க மாட்டாங்க. சீலா பாருங்க, இப்பத்தான் வந்திச்சு."

பளபளவென்று ஒரு சீலா பலகையில் கிடந்தது.

"இல்லப்பா. நேத்து நாங்க தோத்துட்டோம்."

"எதுல சார்?"

கஸ்பார் தோளில் கிடந்த நீலத் துண்டைத் தொட்டுக் காட்டினார். "பந்துல. நாலு கோல்."

"அப்படியா."

"கோல்கீப்பருக்கு முட்டியில வலி. அதான்."

"ஐயோ பாவம். வெட்டித் தரவா சார், முழுசாவே தரட்டுமா?"

கஸ்பார் அவர் முகத்தையே பார்த்தார். கேலி இல்லை. கோபம் இல்லை. நல்ல மனிதர். அடுத்த ஆளுக்கும் அதே முகத்தோடு "வாங்க சார்" என்றார்.

"முழுசாவே குடுங்க," என்றார் கஸ்பார்.

ஐஸ் நிரப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். ஐஸ்கூட நல்ல ஐஸ்தான். கஸ்பாருக்கு அதிலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் பையன்கள் தோல்வியை மறந்து பாட்டுப் பாடினார்கள். கஸ்பார் மடியில் மீனை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். உப்பளக் காற்று முகத்தில் அடித்த பிறகுதான் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது.

நேராக மைதானத்துக்குப் போனார்.

விசில் சாமி பையைப் பிரித்து மீனைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல மீன். ஆட்டம்?"

"நாலு. பூஜ்யம்."

சாமி மீனைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"யாரு திட்டுனா?"

ஐஸ் கம்பெனியில் முப்பது பேரை அதட்டுகிற மனிதர், மூலைக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாருமே திட்டல சாமி," என்றார். "பயமாப் போச்சு."

சாமி பையை அவர் பக்கம் தள்ளினார். மறுபடியும் நெருஞ்சி பிடுங்க உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து கஸ்பாரின் போன் அடித்தது. ராகவேந்திரன்.

"சார், திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வரலாமா?"

"வாங்க தம்பி. வந்து சாப்பிட்டுப் போங்க. மைதானத்தைச் சுத்திக் காட்டுதேன். பேனா மட்டும் கொண்டுவர வேண்டாம்."

"சார்?"

"வச்சிருதேன் தம்பி."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தார் கஸ்பார். சாயங்காலப் படகுகள் வந்து சேர்ந்து சந்தை நிறைந்திருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வசவு வாங்க இத்தனை வேகமாக நடந்ததில்லை.

பிரகாசி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தையிலேயே பெரிய வாய் அவளுக்குத்தான். கஸ்பாருக்கு முதல் வருஷம் முதல் தோல்விக்கு முதல் சாளையைப் போட்டவளே அவள்தான்.

அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"வாங்க சார். என்ன வேணும்?"

சார்.

கஸ்பார் சுற்றிலும் பார்த்தார். சந்தையே அவரைப் பார்த்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை.

"பேப்பர்ல பாத்தோம்," என்றாள் பிரகாசி. "புது ஊரு, புது ஸ்டேடியமாம். நல்லா இருங்க."

இருந்ததிலேயே பெரிய சீலாவைத் தூக்கினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க சார். இனிமே நீங்க எதை வேணும்னாலும் வாங்கிக்கலாம்."

கஸ்பார் கையை நீட்டவில்லை. தன் பையிலிருந்த மாநகரத்துச் சீலாவையும் எடுத்து அவள் பலகையில் வைத்தார்.

"பிரகாசி, நேத்து நாலு கோல் வாங்கிட்டோம்."

"தெரியும் சார்."

"கையெழுத்துப் போடல. போடவும் மாட்டேன். போன்ல சொல்லிட்டேன்."

பிரகாசி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். கையிலிருந்த சீலாவை மெதுவாகக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏன் முதலாளி, உமக்குக் கண்ணு என்ன பொட்டையா?" என்று ஆரம்பித்தாள். "பையனுக போன்ல எல்லாம் சொல்லிட்டானுக. முட்டி வலிக்காரனைக் கொண்டுபோயி கோல்ல நிறுத்தியிருக்கீரே, பெஞ்சில உக்காந்திருந்தவன் என்ன, உம்ம வீட்டு மாப்பிள்ளையா? இடது பக்கம் ஒருத்தன் காலையில இருந்து வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நிக்கான், அவனை மாத்தணும்னு பச்சைப் பிள்ளைக்குத் தெரியுமே..."

பக்கத்துக் கடைக்காரி சேர்ந்துகொண்டாள். ஏலம் போடுகிறவர் ஏலத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஐஸ் தூக்குகிற ஆள், அவரிடமே சம்பளம் வாங்குகிற ஆள், தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு நடுக்களத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டான். எதிர் வரிசையிலிருந்து பயிற்சியாளரின் பரம்பரையே வெளியே வந்தது.

கஸ்பார் நடுவில் நின்றார். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

திட்டுகிற வாய் ஓயாமலே பிரகாசி ஒரு காலால் சாளைக் கூடையை முன்னால் இழுத்தாள். தராசை எடுத்தாள். மீனை அள்ளி அள்ளித் தட்டில் போட்டாள்.

கஸ்பார் பையின் வாயை விரித்துப் பிடித்தார்.

"கொஞ்சம் கூடவே போடு பிரகாசி," என்றார். "நாலு கோலுல்லா."