சந்தைத் திடலுக்கு உயர்ந்த கை

மூன்று மணிக்கு நகர்மன்றம் கூட இருந்தது. கோமளவல்லி உச்சிவேளைக்கு முன்பே மடத்துக்கு வந்துவிட்டாள்.

அவள் வேலங்குடி நகராட்சியில் கவுன்சிலர். மடத்துச் சட்டநாத சாமி அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் கணவர் இறந்த வருடத்திலிருந்து அவர்தான் அவளுக்குக் குரு. மடம் என்று பெயர்தான். ஓட்டுக்கூரை, ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு. மத்தியானம் பசித்து வருகிறவர்களுக்கு அங்கே சோறு உண்டு.

சாமி அரிசியைக் களைந்து உலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல சாமி."

"உக்காருங்கம்மா. என்னாச்சு?"

"பழைய மாட்டுச்சந்தைத் திடல். இன்னைக்குத்தான் முடிவு. பின்பக்கம் வாய்க்கால் கரை ஜனங்களுக்கு அடுக்குமாடி வீடு, முன்பக்கம் கம்பெனிக்காரன் ஹோட்டல். முன்பக்கத்தைக் குடுத்தாத்தான் வீட்டைக் கட்டித் தருவானாம். பாதிப் பேரு வேணுங்கிறாங்க, பாதிப் பேரு வேண்டாங்கிறாங்க. என் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும்."

போன மழையில் வாய்க்கால் கரையில் ஒரு பிள்ளையை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நேற்று வந்து கோமளவல்லியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் பணியாரக்கடைச் செல்லக்கனி வந்தாள். திடலின் முன்பக்கத்தில்தான் சாயங்காலக் கடைகள். "எங்க வயித்துல அடிச்சிராதக்கா" என்றாள். தேர்தலில் கோமளவல்லியோடு வீடு வீடாக ஓட்டுக் கேட்டு நடந்தவள் அவள்.

"எது சரி சாமி? நீங்க சொல்லுங்க. அப்படியே செய்யறேன்."

சாமி கரண்டியை அவள் கையில் கொடுத்தார். "உலையைக் கொஞ்சம் பாத்துக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வாழையிலை நறுக்கக் கொல்லைக்குப் போனார்.

கோமளவல்லி அடுப்பருகே நின்றாள். உலை கொதித்தது. கை தூக்கினால் செல்லக்கனி. தூக்காவிட்டால் அந்தத் தாய். வயிற்றுவலி என்று சொல்லிப் போகாமலே இருந்துவிட்டால் என்ன? நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். பதம்தான் போலிருந்தது. சாமி வரட்டும் என்று வாசலைப் பார்த்தாள்.

சாமி இலைக்கட்டோடு வந்தபோது சோறு குழைந்திருந்தது.

"வடிக்கலையா?"

"நீங்க வந்து பதம் பாத்துச் சொல்லுவீங்கன்னு..."

"கரண்டி உங்க கையிலதானே இருந்துச்சு."

இலை போட்டார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். "என்ன சாமி, இன்னைக்குக் கஞ்சியா?" என்று கேட்டார் ஒரு சுமைக்காரர். கேட்டுவிட்டு அதையும் வழித்துச் சாப்பிட்டார். கோமளவல்லி தலை நிமிராமல் பரிமாறினாள்.

மன்றத்தில் ஒரே கூச்சல். அவள் முறை வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தாள்.

"ரெண்டு நிபந்தனை தலைவரே. வாய்க்கால் கரை ஜனங்க கையில வீட்டுச் சாவி கிடைக்காம ஹோட்டல் கதவு திறக்கக்கூடாது. ரோட்டோரமா ஒரு கீத்து இடம், சாயங்காலக் கடைகளுக்கு விடணும்."

தலைவர் பக்கத்திலிருந்தவர்களோடு குசுகுசுத்தார்.

"முதல் நிபந்தனையைத் தீர்மானத்துல சேத்துக்கலாம். ரெண்டாவது நடக்காதும்மா. ஹோட்டல் வாசல்ல பணியாரக்கடையா? கம்பெனி ஒத்துக்காது."

"அப்ப அந்தக் கடைக்காரங்க?"

"வேற இடம் பாப்போம்."

"எங்கே?"

"பாப்போம்னு சொல்றேன்ல. ஓட்டெடுப்புக்குப் போவோம்."

கைகள் உயர்ந்தன. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு அந்தத் தாயின் விரல்கள் இன்னும் தன் மணிக்கட்டை இறுக்குவதுபோல் இருந்தது. கையைத் தூக்கினாள்.

தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வாய்க்கால் கரைப் பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவள் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். கேட்டருகே செல்லக்கனி நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. சாபம் விடவில்லை.

"நீயாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்துவிட்டாள்.

கோமளவல்லி மாலையைக் கழற்றி ஆட்டோவிலேயே போட்டுவிட்டு மடத்துக்கு வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. சாமி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது.

"யாரையும் கேக்காம நானேதான் முடிவெடுத்தேன் சாமி."

"சரிம்மா."

"ஆனா நெஞ்சு அடங்கலையே. நான் செஞ்சது சரியா, தப்பா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்காவது தூங்குவேன்."

சாமி துடைப்பத்தை மூலையில் சாய்த்தார். அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சரின்னு நான் சொல்லிட்டா, நாளைக்குக் காலையில நீங்க செல்லக்கனி வீட்டுக்குப் போகமாட்டீங்கம்மா."