மாடிச் சாவி

சமுதாயக் கல்லூரியில் படிக்கிற சந்தனமாரியும் மற்றப் பிள்ளைகளும் குற்றாலிங்கம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் குடியிருந்தார்கள். அவர்கள் கொடுக்க முடிந்த வாடகைக்கு அந்த ஊரில் வேறு இடம் இல்லை. போன மழையில் தகரத்தில் கரண்டு பாய்ந்து தங்கம்மாளுக்குக் கை வெந்தது. அவள் படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதை விசாரிக்கத் தாசில்தாரம்மா வருகிறார் என்று தெரிந்ததும் குற்றாலிங்கம் ஓடி வந்தார்.

"நான் உங்களுக்குப் பெரியப்பா, தெரிஞ்சுதா? வாடகைன்னு எவளாவது வாயத் திறந்தா கொட்டகைக்குச் சீல் வச்சிருவாங்க. அப்புறம் எல்லாரும் ரோட்டுலதான் படுக்கணும்."

"சரிங்க பெரியப்பா" என்றாள் சந்தனமாரி.

தாசில்தாரம்மா வந்து கேட்டதும் அவளே முன்னால் போய் நின்றாள்.

"எங்க பெரியப்பாதாம்மா. எங்களுக்குக் கொட்டகை ஆகாதுன்னு இன்னைக்கே மாடிக்கு மாத்துறாரு. சாவியை இடுப்புலயே வச்சிருக்காரு, பாருங்க. பெரியப்பா, திறந்து காட்டுங்களேன்."

குற்றாலிங்கம் மாட்டேன் என்றால் பெரியப்பா வேஷம் கலைந்துவிடும். பூட்டிக் கிடந்த மாடியைத் திறந்துவிட்டார்.

"மாசாமாசம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு தாசில்தாரம்மா ஜீப்பில் ஏறினார்.

"வாடகையைக் கூட்டுறேன் பாரு" என்று பல்லைக் கடித்தார் குற்றாலிங்கம்.

"வாடகையா பெரியப்பா?" என்று சந்தனமாரி ஜீப் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

பிள்ளைகள் பாய்களை மாடிக்குத் தூக்கினார்கள். தங்கம்மாள் விட்டுப் போன பாயையும் சந்தனமாரி ஜன்னலோரம் விரித்தாள். அதில் படுக்கத்தான் ஆள் இல்லை.