ஞானப்பூவுக்கு ஒரு ஜெபம்

போதகர் பாக்கியநாதன் ஐயர் ஜெபம் பண்ணினால் கல்லும் கரையும் என்று அவருடைய சபைகள் அடங்கிய சேகரம் முழுக்கப் பேச்சு. பேச்சில் பொய் இல்லை. புது வீடு குடிபோனாலும், மாடு வாங்கினாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒருநாள் மதியம் அவர் தனக்கு இறையியல் சொல்லிக்கொடுத்த மாசிலாமணி ஐயாவைப் பார்க்க வந்தார். கூடவே தன் சபையைச் சேர்ந்த தங்கையாவையும் அழைத்து வந்திருந்தார். தங்கையாவின் மனைவி ஞானப்பூ போன வாரம்தான் இறந்திருந்தாள்.

"ஐயா, என் மனசு ஆறவே மாட்டேங்குது," என்றார் பாக்கியநாதன்.

"சொல்லும்."

"சாகக் கிடந்தவ, ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டிருக்கா. நான் பக்கத்து ஊர்க் கல்யாணத்துல நிக்கேன். ஆள் வந்து சொல்லி, விழுந்தடிச்சு ஓடுறேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. வீடு நிறைய சபையார் ஐயா. ஒருத்தர் வாயைத் திறக்கல. ஒரு ஜெபங்கூட இல்லாமப் போயிட்டா."

மாசிலாமணி தங்கையாவைப் பார்த்தார்.

"என் கையைப் பிடிச்சிட்டுத்தான் கேட்டா," என்றார் தங்கையா. "ஐயர் இந்தா வந்துருவாங்க, கொஞ்சம் பொறுன்னேன். பொறுத்துத்தான் பாத்தா."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாக்கியநாதன் சொன்னார்: "ஆவியானவர் எல்லாருக்கும் வரம் தந்திருக்காரு, ஒவ்வொரு விசுவாசியும் ஊழியக்காரன்தான்னு எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கேன்! நல்லாருந்துன்னு கையைக் குலுக்கிட்டுப் போனாங்க. இந்த ஜனங்களுக்கு ஜெபிக்க எப்படித்தான் சொல்லிக்கொடுக்க?"

"முதல்ல சாப்பிடுவோம்," என்று எழுந்தார் மாசிலாமணி.

அவரே சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினார். பாக்கியநாதன் பழக்கப்படி கைகூப்பிக் கண்ணை மூடினார்.

"நீரு இல்ல. தங்கையா ஜெபம் பண்ணட்டும்," என்றார் மாசிலாமணி.

தங்கையா பதறிப்போனார். "ஐயர் இருக்கும்போது நான் எப்படிங்கய்யா?"

"அவருக்கும் பசிக்கும்லா. நீரு பண்ணும்."

தங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். குழம்பில் ஆவி அடங்கிப்போனது.

"ஆண்டவரே," என்றார். பிறகு, "இந்தச் சாப்பாட்டுக்காக..." என்றார். "ஆண்டவரே, ஞானப்பூ கேட்டாளே... நான்..."

அங்கேயே நின்றுவிட்டார். உதடு மட்டும் துடித்தது.

பாக்கியநாதனுக்குத் தாங்கவில்லை. இரக்கமுள்ள மனுஷன். ஒருத்தர் தவிக்கும்போது சும்மா இருக்க அவருக்கு வராது.

"ஆம் எங்கள் பரம பிதாவே," என்று எடுத்தார். "உமது அடியானின் கண்ணீரைத் துடைத்தருளும்..."

அருமையான ஜெபம். ஞானப்பூ பரதீசில் இளைப்பாறுவதைச் சொன்னார். உணவை ஆசீர்வதித்தார். அதைச் சமைத்த கையையும் மறக்கவில்லை.

"ஆமென்," என்றார் தங்கையா, சரியான இடத்தில். முகத்தைத் துடைத்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஐயர் பண்ணினா ஒரு நிம்மதிதான்," என்றார்.

மாசிலாமணி ஆமென் சொல்லவில்லை. சோற்றையும் தொடவில்லை.

"ஐயா, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே," என்றார் பாக்கியநாதன்.

"தங்கையா 'நான்'னு ஆரம்பிச்சாரே. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தாரு?"

பாக்கியநாதன் யோசித்தார். தங்கையாவைப் பார்த்தார். தங்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியலையே ஐயா," என்றார் பாக்கியநாதன்.

"ஆண்டவர் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு," என்றார் மாசிலாமணி. "நீருதான் குறுக்க பேசிட்டீரு."