விபூதி வைத்த கம்ப்யூட்டர்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள். மிஷினுக்குள் இருக்கும் எதற்கு என்ன பெயர் என்று தெரியாது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேனோ, சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேனோ என்று நாலு நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மெஹர் டீச்சர் கடைக்குப் படியேறினேன். பொள்ளாச்சியில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர். இப்போது ரிப்பேர் மட்டும்தான். டீச்சர் என்ற பெயர் போகவில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"டீச்சர், இது உசுரோட இருக்குதா, போயிருச்சான்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"அப்ப ஒண்ணும் ஆகியிருக்காது. எடுத்துட்டுப் போங்க."

நான் போகவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"பண்ணுனேனுங்க" என்றேன்.

"உக்காருங்க."

அது என் வீட்டுக்காரருடையது. பஞ்சாயத்து ஆபீசில் டைப் அடித்தவர். தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் பண்ணினால் குரல் போய்விடும் என்றார்கள். குறித்த தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும். அதனால் தினமும் காலையில் அவர்தான் பேப்பரை வாசித்துக் காட்டுவார். அந்த இருபத்திரண்டு நாளும் வாசித்தார். ஒரே வித்தியாசம், இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் சொருகி எதிரே வைத்துக்கொண்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு இரண்டு வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டினார். பிறகு சிலேட்டும் இல்லை.

நாலு வருஷமாகத் தினம் ஒரு பேப்பர் கேட்கிறேன். இருபத்திரண்டு முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆழியாறு அணையில் எத்தனை அடி தண்ணீர், தேங்காய் என்ன விலை, எந்த ஊரில் கரண்ட் இருக்காது. எல்லாம் ஆறு வருஷத்துப் பழசு. எனக்கு அதுதான் அன்றன்றைய சேதி.

"வேற யாரு கேப்பாங்க?" என்றார் டீச்சர்.

"வேற யாரு இருக்காங்க?"

"சரி. என்ன பண்ணுனீங்க?"

இது நின்றுபோவதற்கு முன்னால் ஒரு மாதமாக, கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு சேதி வந்து நின்றது. இங்கிலீஷ். பக்கத்து வீட்டுக் கனகமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பூவக்கா, உங்க கம்ப்யூட்டர் இனிமே பாதுகாப்பில்லைன்னு போட்டிருக்குது. பழசாயிருச்சாமா. புதுசு போட்டுட்டாச் சரியாப் போகும்."

பாதுகாப்பில்லை என்றால் எனக்குத் தூக்கம் வருமா? கதவைப் பூட்டிவிட்டு, மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவள் நான். அவளே ஒரு பென்டிரைவில் புதுசைப் போட்டுக் கொண்டுவந்தாள். சொருகினோம். என்னமோ கேட்டது.

"ஆமான்னு குடுங்கக்கா" என்றாள்.

கொடுத்தேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும் கொடுத்தேன். ஒரு கோடு கொஞ்சம் தூரம் போனது. நின்றது. திரை கறுத்துவிட்டது.

"அக்கா, ரெண்டாவதாக் கேட்டது, உள்ள இருக்கறதை அழிக்கட்டுமான்னா?" என்றாள் கனகமணி. அவள் முகமும் கறுத்துவிட்டது.

என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். பத்தொன்பது நாளாகிறது. அவள் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் என் கதவைச் சாத்துகிறேன்.

"அப்பறம்?" என்றார் டீச்சர்.

"அவ்வளவுதானுங்க."

"அப்பறம்?"

நான் தரையைப் பார்த்தேன்.

அவர் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு மோந்தார்.

"என்னக்கா இது?"

"விபூதிங்க."

"ஆயுத பூஜைக்கு வெச்சதா?"

"பூஜைக்கு வெளியிலதானுங்க வெப்பேன். இந்தவாட்டி நோவு உள்ள இருக்குதேன்னு..."

"எந்த எடத்துல வெச்சீங்க?"

"நெத்தி மாதிரி இருந்த எடத்துலீங்க."

"பட்டையா?"

"பட்டைதானுங்க."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெயின்ட் பிரஷை எடுத்து, ஒரு துகள்கூட விடாமல் துடைத்து, ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்து என் கையில் கொடுத்தார். கீழே போடவில்லை.

பிறகு கடையில் இருந்த ஒரு திரையில் மாட்டிக் கரண்ட் கொடுத்தார்.

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலீங்க. கறுப்பாத்தான் இருக்குது."

"நான் உங்க கண்ணைக் கேக்கல."

நிறுத்தினார். மறுபடியும் போட்டார். கீழே தீவன மூட்டை இறக்கும் சத்தம். அதற்கு நடுவில் இன்னொரு சத்தம்.

"நீளமா மூணு தடவை கத்துச்சுங்க."

"வீட்லயும் கத்துச்சா?"

"தினமும் கத்துச்சுங்க. பயந்துட்டு நிறுத்திருவேன்."

"பத்தொம்பது நாளாச் சொல்லிட்டே இருந்திருக்குது. நீங்க அவர் வந்து சொல்லோணும்னு உக்காந்திருக்கீங்க."



உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி எடுத்தார். விரல் நீளம் இருக்கும். ஓரத்தில் பொன் நிறத்தில் பல் பல்லாக இருந்தது.

"இதுதான் மெமரி. இது கையில இருக்கற வேலையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். பல்லுல அழுக்குப் புடிச்சா மொத வார்த்தையே வராது. அப்ப இப்பிடித்தான் கத்தும்."

மேசை டிராயரைத் திறந்து, பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்றை எடுத்தார். ரப்பரையும் பட்டையையும் என் முன்னால் வைத்தார்.

"தேய்ங்க."

"நானுங்களா?"

"உங்க மிஷின்தானே?"

"ரப்பரைத் தொட்டு நாப்பது வருசமாச்சுங்க. எதாச்சும் அழிஞ்சிருமோன்னு..."

அவர் வேறு ஒரு பெட்டியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

தேய்த்தேன். முதலில் பட்டும் படாமலும். பிறகு பழகிவிட்டது. ரப்பர் கறுத்தது. பற்கள் மின்னின. சொருகச் சொன்னார். சொருகினேன். "இன்னும்" என்றார். அழுத்தினேன். இரண்டு பக்கமும் டக்கென்றது.

கரண்ட் கொடுத்தார். ஒரே ஒரு சின்னச் சத்தம். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

டீச்சர் என்னென்னவோ தட்டினார். நின்றார். மறுபடியும் தட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அது அழிக்கட்டுமான்னுதான் கேட்டிருக்குது."

"ஐயோ."

"நீங்க ஆமான்னுதான் சொல்லியிருக்கீங்க."

மடித்த விபூதிக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஆனா மிஷின் உங்க பேச்சைக் கேக்கல" என்றார். "அழிக்கறதுக்கு முந்தியே மெமரி தடுமாறி நின்னிருச்சு. புது மிஷினா இருந்தா, சொன்ன மறு நிமிசம் முடிச்சிருக்கும்."

அவர் எதையோ அழுத்தினார்.

"பூவாத்தா, இன்னிக்கு வெள்ளிக்கெழமை. ஆழியாறுல நூத்திப் பதினேழு அடி."

கடை முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. டீச்சர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார். கடைசி வரைக்கும் கேட்டார். தேங்காய் விலை. ஒரு நீளமான இருமல். கோட்டூர் ரோட்டில் கரண்ட் இல்லை.

"கரண்ட் இல்லாத ஊர்க்காரனுக்கு இதை யாரு வாசிச்சுக் காட்டறது? சரி, காப்பி ஆறுது பாரு, எடுத்துக் குடி."

டீச்சர் சிரித்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் மட்டும்தான் நாலு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"டீச்சர், இது இனிமே எங்கயும் போகக் கூடாதுங்க. எப்பிடிப் பாதுகாப்பா வெக்கறது?"

அவர் ஒரு பென்டிரைவை எடுத்தார். இருபத்திரண்டையும் அதில் ஏற்றி என் கையில் வைத்தார்.

"இதை எங்க வெப்பீங்க?"

"பீரோவுலீங்க. உள் லாக்கர்ல."

"கம்ப்யூட்டர் எங்க இருக்குது?"

"பீரோவுக்குப் பக்கத்துலீங்க."

"ரெண்டும் ஒரே வீட்லயா?" என்றார்.

"அப்ப ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க" என்றேன்.

"எனக்குப் பூவாத்தாவை இன்னிக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு எடம் பத்தலைன்னா அழிச்சிருவேன்."

"வேற யாருகிட்டக் குடுக்கறதுங்க?"

டீச்சர் என் பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். பத்தொன்பது நாளாக அங்கேயே சொருகிக் கிடந்த ஒன்றைப் பிடுங்கினார். சிவப்பு பென்டிரைவ். கழுத்தில் கறுப்புக் கயிறு.

"இது யாரோடது?"

"கனகமணியோடது."

அதில் இருந்ததைத் துடைத்துவிட்டு, அதிலும் இருபத்திரண்டையும் ஏற்றினார். கயிற்றை என் சுண்டு விரலில் மாட்டினார்.

"அடுத்தவங்க பொருளைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார். திருப்புளியை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். பெட்டியை வாசலில் இறக்கி வைத்தேன். என் வீட்டுப் பூட்டைத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கனகமணி பாதிக் கதவுதான் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா?"

கயிற்றை விரலிலிருந்து கழற்றி நீட்டினேன்.

"பேப்பர் வந்திருக்குது" என்றேன். "கேக்கறயா?"