பழைய கணினிக்கு ஒரு புது அப்டேட்

“கிடைத்துவிட்டது அம்மா!” என்று மூச்சிரைக்க வந்து நின்றார் தாமோதரன்.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவர். தன்னைவிட இருபது வயது இளையவரான யோகாம்பிகை அம்மாவிடம் தீட்சை வாங்கி, ஆசிரமத்தின் இலவசக் கண் மருத்துவமனையைக் கவனித்துவந்தார்.

அங்கிருந்த பரிசோதனைக் கருவி ஒரு பழைய கணினியோடுதான் வேலை செய்யும். பக்கத்து ஊரில் அதுபோன்ற ஒன்றை வைரஸ் முடக்கிப்போட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்தால் முகாம் வேறு.

“என்ன கிடைத்தது?”

“கணினியின் இயங்குதளத்துக்கு, அந்த வைரஸைத் தடுக்கும் அப்டேட். ஒரு இணையதளத்தில் இருந்தது. அசல் கோப்புதான்.”

“எப்படித் தெரியும்?”

“சரிபார்ப்பு எண்ணையும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஒப்பிட்டேன், அச்சாகப் பொருந்துகிறது. நிறுவிவிடட்டுமா?”

வாசலில் ஹாரன் சத்தம்.

“யாரென்று பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார் அம்மா.

போனவர் மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

“கருவியை சர்வீஸுக்கு எடுத்துப்போக கம்பெனியிலிருந்து வேன் வந்திருக்கிறது. முகாமுக்குள் திருப்பித் தந்துவிடுவார்களாம். நான் சும்மா விடவில்லை அம்மா, போன் போட்டு விசாரித்தேன். ‘எங்க ஆள்தான் சார்’ என்றார்கள். சாவி கொடுங்கள்.”

அம்மா சாவியை நீட்டினார்.

“எந்த எண்ணுக்குப் போட்டீர்கள்?”

“அந்த ஆள் கொடுத்த...”

தாமோதரன் கருவி வாங்கிய ரசீதைத் தேடி, அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார்.

“நாங்க யாரையும் அனுப்பலையே சார்!”

வாசலுக்கு ஓடினார். வேன் இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது.

அங்கிருந்து அப்படியே கணினி அறைக்கு ஓடினார்.

இயங்குதளத்தை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தைத் திறந்தார். பழைய பதிப்புகளுக்கான பக்கத்தில், அதே அப்டேட்டுக்கு அவர்கள் கொடுத்திருந்த எண்ணே வேறு. முதலில் இறக்கிய கோப்பை அழித்தார். அவர்களிடமிருந்தே புதிதாக இறக்கி, எண்ணை ஒப்பிட்டார். கணினியில் இருந்ததையெல்லாம் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுத்தான் நிறுவினார்.

கணினி அணைந்து, யோசித்து, எழுந்தது. கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

தாமோதரன் ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தார்.

“இனி நீங்கள் சொன்னால் போதும் அம்மா. உங்கள் வாக்கு ஒருநாளும் பொய்க்காது!”

அம்மா சிரித்தார்.

“சரிபார்த்தீர்களா?”