தும்புப் பாய்க்குக் கீழே

வெர்னான் என்ற ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இங்கிலாந்தில் அதைச் செய்த கம்பெனியை மூடியே அரை நூற்றாண்டு ஆகிறது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, தரையை ஒட்டிப் போகும் உடம்பு. ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு இருபது முப்பது வண்டிகள் வந்தன. மலைச்சாலையில் உருண்டவை சில. பழைய இரும்புக்குப் போனவை பல. இந்தக் கதை தொடங்கும்போது மிச்சம் இரண்டு.

பச்சை வண்டி கோயம்புத்தூரில் சாருலதாவிடம் இருந்தது, அப்பா விட்டுப்போனது. உடம்பு கல் மாதிரி. எஞ்சின்தான் விரிசல் விட்டு, மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்காமல், ஷெட்டில் நின்றது. வெள்ளை வண்டி நாகர்கோவிலில் எட்வினிடம். மனைவியை இழந்தவர், மகனோடு வாழ ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் எஞ்சின் சாவியைத் தொட்டாலே உறுமும்.

"காசு ஒண்ணும் வேண்டாம், மக்களே. கொண்டு போ," என்றார் சாருலதாவிடம். "ஆனா ஒரு வாக்கு தரணும். இது ஓடிட்டே இருக்கணும். என்ன வந்தாலும் பிரிச்சுப் போடப்பிடாது. உனக்கிட்ட ஒண்ணு எஞ்சின் இல்லாம நிக்குன்னு எனக்குத் தெரியும், கேட்டியா?"

அவள் பானெட்டில் கை வைத்து வாக்குக் கொடுத்தாள். சாவியைத் தரும்போது அவர் சிரித்தார். "ரெண்டு சீட்டு இருக்குன்னு ரெண்டு பேரு ஏறணும்னு இல்லை. நான் எப்பவும் தனியாத்தான் ஓட்டுவேன். பக்கத்துல ஆளிருந்தா எஞ்சின் பேசுகது கேக்காது."

அவளும் சிரித்துவிட்டு வந்தாள்.

ஞாயிறுதோறும் மகள் மிருதுளாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மருதமலை அடிவாரம் வரை போய்வந்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, காற்றில் ரிப்பன் பறக்க, "இன்னும் வேகமா, அம்மா!" என்று கத்திக்கொண்டே வரும்.

ஒரு முறை பழைய கார் கிளப் கூட்டத்துக்காகச் சாருலதா சென்னை போனாள். வெள்ளை வண்டிக்கு எண்ணெய் மட்டும் மாற்றி வைக்கும்படி மெக்கானிக் குப்புராஜிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்து ஷெட்டுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை வண்டி இருந்த இடத்தில், நடுவில் தொய்ந்துபோன வெற்றுக்கூடு. முன்புறம் எஞ்சின் இருந்த இடம் பொந்தாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் பச்சை வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"கோவிச்சுக்காதீங்க, அம்மிணி. மொதல்ல இங்க வந்து பாருங்க."

எஞ்சின் சூடு காலில் ஏறாமலிருக்க, எட்வின் வண்டிக்குள் தென்னந்தும்புப் பாய் விரித்து ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தார். கடற்காற்றின் உப்பு ஈரத்தை அந்தப் பாய் வருஷக்கணக்காகக் குடித்து வைத்திருந்தது. குப்புராஜ் அதைத் தூக்கினார். பக்க இருக்கைக்குக் கீழே தகடே இல்லை, துரு தின்றிருந்தது. ஷெட்டின் சிமென்ட் தரை தெரிந்தது. வெர்னானுக்கு அடியில் தாங்கத் தனியாக இரும்புச் சட்டகம் கிடையாது. தரைத்தகடுதான் அதன் முதுகெலும்பு.

"லிஃப்ட்ல ஏத்துனேனுங்க. நடுவுல மளுக்குனு ஒடஞ்சிருச்சு. பாப்பா உக்கார்ற எடமுங்க அது. போன ஞாயித்துக்கெழமை ரோட்டுல ஒடஞ்சிருந்தா..."

சாருலதா அங்கே கிடந்த ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"புதுத் தகடு அடிச்சிருக்கலாமே?"

"பத்தவைக்க நல்ல இரும்பு மிச்சம் இருக்கோணுமில்லீங்க? தொட்டா உதிருது."

"எனக்கு ஒரு போனாவது?"

"பண்ணுனா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. அந்த எஞ்சினும் ஒரு மூலைல கெடந்து செத்திருக்கும்."

எட்வினுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், விமானம் ஏறும்முன் கடைசியாக ஒரு சவாரி போக வேண்டுமென்று அவரே வந்துவிட்டார். வாசலிலேயே எஞ்சின் சத்தம் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. உள்ளே வந்தார். பச்சை வண்டியைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த கூட்டை.

"வாக்குத் தந்தியே, பிள்ளே."

சாருலதா அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினாள். அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தாள். அவர் திடுக்கிடவில்லை. அவளுக்குத்தான் மறுபடி தூக்கிவாரிப்போட்டது.

"உங்களுக்குத் தெரியுமா, அங்கிள்?"

"இடப்பக்கம் போயிட்டுன்னு தெரியும். அதனாலதான் தனியா ஓட்டுன்னு சொன்னேன்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க."

"பச்சையாச் சொல்லியிருந்தா மறுநாளே பிரிச்சிருப்ப."

"பாப்பா ஏறுனாளுங்க," என்றார் குப்புராஜ். "வாராவாரம்."

எட்வினின் கை கதவைப் பிடித்தது. "எந்தப் பாப்பா?"

வாசலில் பள்ளிக்கூட வேன் நின்றது. மிருதுளா ஓடிவந்தாள், புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் பச்சை வண்டியின் பக்க இருக்கையில் தாவி உட்கார்ந்துகொண்டு, "போலாமா?" என்றாள்.

கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் கேட்டு வாங்கியவர் ஒருவர். கொடுத்தவள் ஒருத்தி. வண்டியைப் பிரித்தவர் ஒருவர். இந்த மூவரில் வாக்கை உடைத்தது யார்?

விடை: எட்வின்தான். குப்புராஜ் பிரித்தது ஏற்கெனவே முறிந்துபோன வண்டியை. உரியவளைக் கேட்காமல் கை வைத்தது தவறுதான், ஆனால் அது வேறு தவறு. சாருலதா தனக்குத் தெரிந்தவரை வாக்கைக் காத்தாள். ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த வண்டி ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று வாக்கு வாங்கும்போதே தெரிந்திருந்தவர் எட்வின் ஒருவர்தான். எச்சரிக்கையை வேடிக்கைப் பேச்சுக்குள் ஒளித்து வைத்து வாங்கிய வாக்கு, வாங்கிய இடத்திலேயே உடைந்துவிட்டது. அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சவாரியைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை. மிருதுளாவைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டார். முழங்காலிட்டு, பச்சை வண்டியின் தரையை முன்னிருந்து பின்வரை விரலால் தட்டித் தட்டி ஒலியைக் கேட்டார். அதன்பிறகுதான் அவளை மறுபடி ஏறவிட்டார்.