ஒத்தப்புளிக்காரர்கள் டீசல் மிச்சம் பிடித்த கதை

ஒத்தப்புளி என்கிற ஊரில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு, பஸ்ஸுக்குத் தட்டுப்பாடு உண்டு. யோசனைக்கு மட்டும் தட்டுப்பாடு வந்ததே இல்லை. நல்லா ஓடுகிற காரியத்தை நிறுத்தி, உட்கார்ந்து யோசித்து, கெடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

அந்த ஊர் தளவாய்க்குக் கல்யாணம் கூடி வந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்றாவதாகச் செம்மண்காட்டுப் பூரணம் சரி என்று சொல்லியிருந்தாள். அவள் அப்பா சங்கிலிதான் கறாரான ஆள்.

"பத்தரைக்குள்ள தாலி கட்டி, மணவறையை மூணு சுத்தும் சுத்தி முடிச்சிரணும். நேரம் தப்பிச்சோ, மாப்பிள்ளை வந்த வழியே போக வேண்டியதுதான்."

இதில் ஒரு சிக்கல். காப்புக் கட்டின மாப்பிள்ளை வண்டியில் ஏறிவிட்டால், அந்த மூன்று சுற்று முடிகிறவரை அவர் கால் தரையில் படக்கூடாது என்பது ஒத்தப்புளி வழக்கம். தாய்மாமன்தான் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவார். தளவாயை ஒருதரம் தூக்கிப் பார்த்தார் மாடக்கண்ணு மாமா. அன்றிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார்.

அதனால் செங்கல் சூளைத் தவசி அண்ணாச்சியிடம் பிக்கப் வண்டியும், அதன் பின்னால் மாட்டி இழுக்கிற டிரைலரும் கேட்டு வாங்கினார்கள். டிரைலரில் நாற்காலியைக் கட்டி மாப்பிள்ளையை ஏற்றினார்கள். பெண்கள் எல்லாரும் விவரமாக முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள்.

வண்டி ஓட்ட ஆவுடை. அவன் இரண்டு பக்கமும் மாடக்கண்ணு மாமாவும், தளவாயின் தங்கச்சி புருஷன் சித்திரைவேலும்.

புறப்படும்போது அண்ணாச்சி புத்தி சொன்னார். "டீசல் என் காசுலே. பார்த்து ஓட்டு. தனியாப் போனா லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கும். டிரைலரை இழுத்தா ஏழுதான். சாமானை எல்லாம் டிரைலர்ல முன்பக்கமா வை. பின்னால வச்சா வால் ஆடும். வண்டிய நிறுத்தினா டயருக்குக் கல்லு வை."

"அப்படியே செய்யுதோம் அண்ணாச்சி" என்றான் ஆவுடை. செய்தான். அதுதான் வம்பு.

அண்டா, வாழைத்தார், சீர்த்தட்டு எல்லாவற்றையும் டிரைலரின் முன்பக்கம் அடுக்கினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் சித்திரைவேலுக்கு யோசனை வந்துவிட்டது.

"ஏலே ஆவுடை, நிறுத்து. முன்னால வச்சா நல்லதுன்னா, இன்னும் முன்னால வச்சா இன்னும் நல்லதுதானே?"

மூவரும் இறங்கி நின்று பேசினார்கள். சரியான கணக்குதான் என்று முடிவாயிற்று. சாமானெல்லாம் டிரைலரிலிருந்து பிக்கப்புக்கு ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் அதையும்விட முன்னால் பானெட் இருப்பது தெரிந்தது. அண்டாவைப் பானெட் மேல் வைத்தார்கள். ஆவுடைக்கு ரோடு தெரியவில்லை, அண்டாதான் தெரிந்தது.

"அதுக்கும் முன்னால என்னலே இருக்கு?" என்றார் மாமா.

"ரோடுதான் மாமா."

அப்புறம் என்ன? மாமா தலையில் வாழைத்தார், சித்திரைவேல் தலையில் அண்டா. இரண்டு பேரும் வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். பின்னால் வண்டி உருண்டு வந்தது. அதற்கும் பின்னால், ராஜா மாதிரி தளவாய்.

"வால் ஆடுதா மாப்ள?" என்று ஆவுடை ஜன்னல் வழியாகக் கேட்டான்.

"ஒரு பொட்டு ஆடலை. ஆனா எல்லா ஆட்டுக்குட்டியும் நம்மள முந்திட்டுப் போகுதே. நேரமாகுதுவே!"

மாமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகுதான், போதுமான அளவு டீசல் மிஞ்சிவிட்டது என்று சாமானைப் பிக்கப்பில் ஏற்றினார்கள்.

செம்மண்காட்டுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அதில் ஏறும்போது எஞ்சின், பல் முளைக்கிற பிள்ளை மாதிரி அழுதது. ஆவுடை நிறுத்தினான். சித்திரைவேல் இறங்கி டயருக்குக் கல் வைத்தான். மறுபடியும் யோசனை.

"தனியாப் போனா பதினாலு. டிரைலரோட போனா ஏழு" என்றான் ஆவுடை. "அப்போ மிச்ச ஏழு எங்க போகுது?"

"டிரைலர் குடிச்சிருது" என்றார் மாமா.

மூவரும் டிரைலருக்கு அடியில் படுத்துத் தேடினார்கள். டேங்க் இல்லை. குழாய் இல்லை. நாலு மூலையும் முகர்ந்து பார்த்தார்கள். சந்தன வாசம்தான் வந்தது.

மாமா மெதுவாக மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். "தளவாய், மாமாகிட்ட மறைக்காதய்யா. நீ குடிக்கியா?"

"கல்யாணம்னு காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை மாமா! உம்ம கழுத்துல கிடக்க கடிகாரத்தப் பாரும்!"

மாமா கையில் கட்டுகிற கடிகாரத்தைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். மணி ஒன்பதரை.

"மாப்ள சொல்லுதது சரி, நேரமில்லை" என்றான் ஆவுடை. "டிரைலரைக் கழத்தி விட்டிருவோம். பதினாலு கொடுக்கும். சீக்கிரமாவும் போயிரலாம்."

"நான்?" என்றார் தளவாய்.

"நீ இறங்கி முன்னால ஏறிக்கோ."

"காப்புக் கட்டியிருக்கேன், எப்படிலே இறங்க?"

இது ஞாயமான கேள்வி என்று மூவரும் ஒத்துக்கொண்டார்கள். சித்திரைவேல் பிக்கப்பிலிருந்து குடையை எடுத்து நீட்டினான். "அப்போ இங்கயே இருங்க மச்சான். வெயில் ஏறுது. நாங்க போய் நேரம் தப்பாம முன்னால நின்னு கல்யாணத்தை நடத்திருதோம்."

"நான் இல்லாமலா?"

"நீங்க வந்தா பாதி டீசல் போயிரும் மச்சான்."

தளவாய் யோசித்தார். அவரும் ஒத்தப்புளிதானே. "சரி. ஆனா பூரணத்துக்கிட்டச் சொல்லிருங்க, மாப்பிள்ளை நாந்தான்னு" என்றார்.

டிரைலர் கழன்றதும் பிக்கப் கன்றுக்குட்டி மாதிரி மேட்டில் துள்ளி ஏறியது. ஆவுடைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாரும் மாமா, பதினாலு! பதினாலு!"

செம்மண்காட்டுக் களத்தில் மணவறை போட்டிருந்தார்கள். மூங்கில் காலும் பலகையுமாக, பூக் கட்டின சின்ன மணவறை. நாதஸ்வரம் முழங்க, ஆரத்தித் தட்டோடு பெண் வீட்டார் ஓடி வந்தார்கள். பிக்கப்பிலிருந்து மூன்று பேரும் ஒரு அண்டாவும் இறங்கினார்கள்.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் சங்கிலி.

"டிரைலர்ல இருக்காரு."

"டிரைலர் எங்க?"

"மேட்டுக்கு அந்தப் பக்கம். கவலைப்படாதீங்க, கல்லு வச்சிருக்கோம்."

நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஆரத்தி பிடித்திருந்த அத்தை, வந்தது வீணாகக் கூடாதே என்று அண்டாவுக்குச் சுற்றினாள்.

சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டினார். "கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய விட்டுட்டு வந்த கூட்டத்தை இன்னிக்குத்தான் பாக்கேன். எம் பிள்ளைய இந்த ஊருக்கா கொடுக்கப் போறேன்?"

"மணி இன்னும் பத்தாகலையேப்பா" என்று கூறைப்புடவையோடு வந்து நின்றாள் பூரணம். ஆவுடை பக்கம் திரும்பினாள். "ஏண்ணே, அவரு இறங்கி நடந்தாவது வந்திருக்கலாமே?"

"நாங்களும் சொன்னோம் தாயி. காப்புக் கட்டிட்டு இறங்க மாட்டேன்னுட்டாரு. மாப்பிள்ளை நாந்தான்னு மட்டும் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

பூரணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொன்னா சொன்ன இடத்துல இருக்க மனுசன் தேடினாலும் கிடைக்க மாட்டான்" என்றவள், புடவையைச் சொருகிக்கொண்டு அப்பாவின் டிராக்டரில் ஏறினாள். அந்த ஊரில் அவளைவிட நன்றாக டிராக்டர் ஓட்ட ஆள் கிடையாது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் தளவாய் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். நாலு ஆடு நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. பூரணம் ஆட்டை விரட்டினாள், கல்லை எடுத்தாள், டிரைலரை மாட்டினாள்.

"டீசல் ரொம்பச் செலவாகுமோ?" என்று தளவாய் கூச்சத்தோடு கேட்டார்.

"பேசாம உக்காருங்க" என்றாள் பூரணம். கல்யாணத்துக்கு முன்பே அவள் சொன்ன முதல் சொல்லைத் தளவாய் தட்டாமல் கேட்டார்.

பத்து அடித்துக் கொஞ்ச நேரத்தில் டிராக்டர் களத்துக்குள் வந்தது. டிரைலரிலேயே பூரணம் ஏறி உட்கார்ந்தாள், தளவாய் தாலி கட்டினார். மாடக்கண்ணு மாமா அழுதார். தூக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் காரணம்.

மூன்று சுற்று பாக்கி. டிரைலர்தான் இருக்கிறதே! பூரணம் கழுத்தில் தாலியோடு டிராக்டரில் ஏறினாள். முன்னால் பெண் ஓட்ட, பின்னால் மாப்பிள்ளை குடையோடு வர, மணவறையை ஒரு சுற்று வந்தார்கள். இரண்டாவது சுற்றும் முடிந்தது. மாலையைச் சரிசெய்ய ஒரு நொடி நின்றார்கள். வண்டி நின்றதா, சித்திரைவேல் கல்லோடு ஓடி வந்தான்.

மூன்றாவது சுற்றில் டிராக்டர் காற்றாகப் பறந்தது. பூரணம் சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தாள். டிரைலர் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்தில் ஆவுடை பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"உங்க அப்பா டீசல் வீணாப் போகுதேன்னு கொக்கியக் கழத்திட்டேன் தாயி!"

"கொக்கி ஆணிய எடுங்க, மாட்டணும்!"

"அது சரியான கனம். பாரம் குறையட்டும்னு கிணத்துல போட்டுட்டேன்."

மணி பத்து இருபத்தைந்து. சங்கிலி பல்லைக் கடித்தார். "என்னவே, சுத்து முடிஞ்சுதா இல்லையா?"

மாடக்கண்ணு மாமா நிதானமாகக் கணக்குப் போட்டார். "பொண்ணு மூணு சுத்து வந்திருக்கு. மாப்பிள்ளை ரெண்டு. அப்போ பூரணத்துக்குக் கல்யாணம் ஆயிருச்சு. தளவாய்க்கு இன்னும் ஆகலை."

"டிரைலரைத் தள்ளுங்க!" என்று பூரணம் கத்தினாள். ஊரே தள்ளியது. அசையவில்லை.

"கல்லை எடுங்கண்ணே!"

சித்திரைவேல் தலையை ஆட்டினான். "அண்ணாச்சி வைக்கத்தான் சொன்னாரு. எடுக்கச் சொல்லலையே."

பூரணம் டிராக்டரிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அதற்குள் மாமாவுக்கு யோசனை வந்துவிட்டது. "மாப்பிள்ளை மணவறையைச் சுத்தினா என்ன, மணவறை மாப்பிள்ளையைச் சுத்தினா என்ன? தூக்குங்கலே!"

ஆளுக்கொரு காலைப் பிடித்து மணவறையைத் தூக்கிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பூசாரி, ஹோமச் சட்டியைக் கட்டிக்கொண்டு அலறினார். நாதஸ்வரக்காரர் என்ன வாசிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் வாசித்தார். மணவறை ஆடி ஆடித் தளவாயை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பத்தரைக்குத் தரையில் உட்கார்ந்தது.

தளவாய் குடையை மடக்கிவிட்டு, டிரைலரிலிருந்து காலைத் தரையில் வைத்தார். பூரணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சங்கிலி போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடை மூச்சு வாங்கிக்கொண்டே மணவறைக்கு அடியில் குனிந்து, நாலு காலையும் முகர்ந்து பார்த்தான்.

"மாமா, ஒரு முழுச் சுத்து, உள்ள பூசாரியோட! ஒரு சொட்டு டீசல் குடிக்கலை. திரும்பிப் போகும்போது இதையே கேட்டு வாங்கிருவோமா?"